மூணாவது காலை அடிச்சிடு

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா. அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைச்சுட்டே வாங்க, இது பாதியில் எழுந்து போகிற கதை இல்லை. போன வாரம் வேன்காரி சாவியைச் சுழற்றிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாளே, அங்கேதான் விட்டிருந்தேன். இன்றைக்கு அந்த வண்டி கிளம்புகிறது. கொஞ்சம் சிரிக்கலாம். அப்புறம் ரத்தம் பார்க்க வேண்டி வரும். மனசு இளகினவங்க பக்கத்தில் இருக்கிறவங்க கையைப் பிடிச்சுக்குங்க.

புதிதாக வந்தவங்களுக்கு நாலு வார்த்தை. இரும்புப் பட்டறைக் குடும்பம் இது. பெரியவன் வெல்டிங் செய்வான், சின்னவன் பெயின்ட் அடிப்பான். நடுவில் பிறந்தவள் ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள், அதனால் வேன்காரி. பெரியவனின் பெண்டாட்டி லிஸ்ட்டுக்காரி. எந்த இரும்பு வேலை முடிந்தது, எது வண்டியில் ஏற வேண்டும் என்று அட்டையில் எழுதி வைப்பவள். ஏற்றக் கூடாததைப் பென்சிலால் ஒரே கோடாக அடித்துவிடுவாள்.

பக்கத்து நகரத்தில் ஒரு மரச்சாமான் கடைக்கு, வாசலில் நிறுத்த, மூன்று மாடி உயரத்தில் இரும்பு நாற்காலி செய்து கொடுத்தார்கள். நிறுத்துகிற நாளில் அதன் மூன்றாவது கால் பிளந்து பெரியவன் மேல் சாய்ந்தது. வலது கால் முழங்காலோடு போய்விட்டது. பதினோரு மாதம் ஆகிறது. சின்னவன் அன்றிலிருந்து பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அண்ணனும் தம்பியும் பேசி பதினோரு மாதம்.

வேன்காரி அதற்குத்தான் இந்தச் சூழ்ச்சி செய்தாள். அண்ணனிடம் தம்பி வரவில்லை என்றாள். தம்பியிடம் அண்ணன் வரவில்லை என்றாள். அந்த நகரத்துத் தெருவோரங்களில் கிறுக்குத்தனமான வேடிக்கைகள் ஏகப்பட்டது இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப் போய்ப் பார்த்திருக்கிறேன், ஒரு நாள் எல்லாவற்றையும் மறந்து சுற்றிவிட்டு வரலாம் என்று இரண்டு பேரிடமும் தேனாகப் பேசினாள். முக்குத் திரும்பியதும் சின்னவன் வண்டியில் ஏறினான். அண்ணனைப் பார்த்தான். இறங்கப் போனான். அதற்குள் அவள் கியரைத் தட்டிவிட்டாள்.

அது சின்னப் பிள்ளைகள் உட்காரும் வேன். சீட்டெல்லாம் முழங்கால் உயரம்தான். பெரியவன், லிஸ்ட்டுக்காரி, சின்னவன் மூன்று பேரும் மோவாயில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பெரியவனின் செயற்கைக் கால் மட்டும் மடங்காமல் நடுவழியில் நீட்டிக்கொண்டிருந்தது. அவன் கையில் அவனே வளைத்துப் பத்தவைத்த இரும்புக் குழாய். அதை ஊன்றித்தான் நடக்கிறான்.

லிஸ்ட்டுக்காரி ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். அவள் வயிற்றுக்குள் ஒன்று உருண்டுகொண்டிருந்தது. அதை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், அந்த வண்டியில் யாருக்கும் அவள் சொல்லவில்லை.

அந்தப் பட்டறையில் எல்லாமே அடிதான். பெயின்ட் அடி, கிரைண்டர் அடி, ஓட்டை அடி, போன் அடி. லிஸ்ட்டில் கோடு போடுவதும் அடிப்பதுதான். நாற்காலி புறப்படுவதற்கு முதல் நாள் பெரியவன் நகரத்திலிருந்து போன் செய்தான். மூணாவது காலை அடிச்சிடு என்றான். அந்தக் கால் நாலு புள்ளியில் பத்தவைத்து நிறுத்தியதோடு இருக்கிறது, சுற்றிலும் முழுசாக வெல்டு ஓட்டவில்லை, லிஸ்ட்டில் அடித்துவிடு, நான் வந்து முடிக்கிறேன் என்பது அவன் மனசில் இருந்தது. வாயில் வந்தது மூன்று வார்த்தை. பக்கத்தில் கிரைண்டர் அலறிக்கொண்டிருந்தது. அவள் கொழுந்தனிடம் திரும்பி, அண்ணன் மூணாவது காலை அடிச்சிடச் சொன்னார் என்றாள். கொழுந்தன் கையில் பிரஷ் இருந்தது. அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அடித்துவிட்டான், இரண்டு கை பெயின்ட். புள்ளிகள் மறைந்தன. கால் வண்டி ஏறியது.

வெல்டு முடியாத இரும்பின் மேல் பெயின்ட் ஏறாது என்பது அந்தப் பட்டறையின் சட்டம். அதனால்தான் பெரியவனும் பெயின்ட்டைப் பார்த்து, வேறு ஆளை வைத்து வெல்டை முடித்திருப்பார்கள் என்று நம்பி அடியில் போய் நின்றான்.

சரி, அது வரைக்கும் தவறு. அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் பாவம். ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்த பெரியவன் முதலில் கேட்டது, லிஸ்ட்ல அடிச்சியா என்று. அவள் வாய் அடிச்சேன் என்றது. பிறகு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்கு வந்து, பையிலிருந்த அட்டையை எடுத்து, மூன்றாவது வரியில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். அந்தக் கோட்டை மறுநாள் பெரியவன் பார்த்தான். லிஸ்ட்டில் அடித்திருந்தும் தம்பி வேண்டுமென்றே பெயின்ட் அடித்து மறைத்து ஏற்றினான், பட்டறை தன் கைக்கு வர வேண்டும் என்று செய்தான், இதுதான் அவன் மனசில் இரும்பாக இறுகிப் போனது.

சின்னவன் மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவனுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்பது லிஸ்ட்டுக்காரிக்குப் புரிந்ததே இல்லை. கேட்கவும் பயம்.

நகரத்தில் முதல் வேடிக்கை, பஸ். முழு பஸ் ஒன்றை மூக்குப் பக்கமாக மண்ணில் நட்டு வைத்திருந்தான் எவனோ. பின் சக்கரம் இரண்டும் வானத்தில். ஓட்டுநர் சீட்டில் தலைகீழாக ஒரு பொம்மை. வேன்காரி இறங்கி, இந்த டிரைவர் நம்ம அப்பா மாதிரி, பிரேக்கைக் கடைசி நிமிஷத்தில்தான் தேடுவார் என்றாள். சின்னவன் சிரித்துவிட்டான். பெரியவனின் உதடும் ஓரத்தில் அசைந்தது. அசைந்ததைத் தம்பி பார்த்துவிட்டான் என்று தெரிந்ததும் கல்லானது.

வேன்காரி அண்ணியின் விலாவில் இடித்தாள். பார்த்தீங்களா, கோபம் இறங்குது என்றாள். நாத்தனார் முகத்தில் இருந்த அந்த ஆசையைப் பார்க்க முடியாமல் லிஸ்ட்டுக்காரி பஸ் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டாவது, செருப்புச் சுவர். கிழவர் ஒருவர் சாலையில் அநாதையாகக் கிடக்கிற ஒற்றைச் செருப்புகளைப் பொறுக்கி வந்து, தன் வீட்டு மதிலில் ஆணியடித்து மாட்டியிருந்தார். நூற்றுக்கணக்கில். குழந்தைச் செருப்பு, குதிகால் உயர்ந்தது, சேறு காய்ந்த பூட்ஸ். ஒவ்வொன்றின் கீழும் எந்தத் தெருவில் கிடைத்தது என்று சாக்பீஸில் எழுதியிருந்தார். யாராவது ஜோடிச் செருப்போடு வந்தால் கழற்றிக் கொடுத்துவிடுவாராம். இதுவரை இரண்டு பேர்தான் வந்தார்களாம்.

வேன்காரி இந்தச் சுவரை நூறு தரம் பார்த்தவள். ஆனால் ஒற்றைக்கால் அண்ணனைக் கூட்டிக்கொண்டு இங்கே வருகிறோம் என்பது அவள் மண்டையில் உறைத்தது அந்த நிமிஷம்தான். வாங்கண்ணே போகலாம் என்று அவசரப்பட்டாள்.

பெரியவன் நகரவில்லை. கிழவரைப் பார்த்து, என் வீட்டில் வலது கால் செருப்பு நாலைந்து சும்மா கிடக்கிறது, கொண்டுவந்து தரட்டுமா என்றான். கிழவருக்கு விளங்கவில்லை. சந்தோஷமாகத் தலையாட்டினார். எங்கே தொலைந்தது என்று எழுதணுமே என்று சாக்பீஸை எடுத்தார்.

"என் தம்பிகிட்ட கேளுங்க" என்றான் பெரியவன். "அவனுக்குத்தான் இடம் தெரியும்."

சின்னவன் முகம் வெளுத்துப் போய், "அண்ணே, விட்டுடுங்க" என்று மட்டும் சொன்னான்.

பதினோரு மாதத்துக்குப் பிறகு தம்பி வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. அது போதுமானதாக இருந்தது. பெரியவன் மதிலில் கைக்கு எட்டிய பூட்ஸை ஆணியோடு பிய்த்து எடுத்துத் தம்பியின் முகத்தில் அடித்தான். ஆணி கன்னத்தைக் கிழித்தது. காதிலிருந்து வாய் வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு. பெரியவன் மறுபடியும் அடித்தான். மூன்றாவது முறை ஓங்கும்போது வேன்காரி நடுவில் பாய்ந்து அண்ணனைக் கட்டிப் பிடித்தாள்.

சின்னவன் கையைத் தூக்கவில்லை. தெருவில் நின்றவர்கள் பார்க்க, செருப்படி வாங்கிக்கொண்டு நின்றான். அடித்த அடியை விட அவன் நின்ற நிலைதான் லிஸ்ட்டுக்காரிக்குத் தாங்கவில்லை. முந்தானையைச் சுருட்டி அவன் கன்னத்தில் அழுத்தினாள். அவன் அவள் கண்ணைப் பார்க்காமல், ஒண்ணுமில்ல அண்ணி, மேல் தோல்தான் என்றான். துணி நனைந்து அவள் விரல்களுக்கும் சூடு தட்டியது.

இப்போது சொல்லலாம் என்று நினைத்தாள். வாய் திறக்கவில்லை. பெரியவனுக்குக் கோபம் வந்தால் கை எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமான இரண்டாம் வருஷத்தில் இடது காதில் விழுந்த அறை இன்னமும் மழைக்காலத்தில் இரைகிறது.

அத்தோடு வீட்டுக்குத் திருப்பியிருக்கலாம். திருப்பத்தான் பார்த்தாள் வேன்காரி. பெரியவன்தான் விடவில்லை. நாற்காலியைப் பார்க்காமல் வண்டி திரும்பக் கூடாது என்றான். குரல் அடங்கியிருந்தது. அடங்கிய குரல்தான் அவனுடைய கெட்ட குரல்.

நாற்காலியைத் தூரத்திலிருந்தே பார்க்க முடிந்தது. கட்டடங்களுக்கு மேல் அதன் முதுகுச் சட்டம் தெரிந்தது, ராட்சசன் ஒருவன் இப்போதுதான் எழுந்து போன மாதிரி. கடைக்காரர் வேறு ஆட்களை வைத்துச் சரிசெய்து நிறுத்தியிருந்தார். அடியில் ஜனம் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. முக்கியமாக ஒரு காலடியில்.

கடைக் காவல்காரர், நல்ல பேச்சுக்காரர், வந்தவர்களுக்கெல்லாம் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "இதாங்க மூணாவது கால். இதை நிறுத்தும்போதுதான் ஒருத்தன் காலு போச்சு. கூடப்பொறந்த தம்பியே வேணும்னு பண்ணிட்டானாம். சொத்துத் தகராறு. கையை வச்சு ஒரு போட்டோ எடுத்துக்குங்க."

எங்கிருந்து போயிற்றோ அந்தப் பேச்சு, நகரத்தின் வேடிக்கைகளில் ஒன்றாகிவிட்டது.

சின்னவன் அங்கேயே நின்றுவிட்டான். கன்னத்தில் ரத்தம் உறைந்திருந்தது. காவல்காரரைப் பார்த்து, மெதுவாக, வேணும்னு பண்ணல என்றான். அவர், உனக்கென்னப்பா தெரியும் என்றார்.

"நான்தான் அந்தத் தம்பி."

அவ்வளவுதான் சொன்னான். பின்னாலிருந்து குழாய் இறங்கியது.

இடது தோளில் விழுந்தது. காரை எலும்பு முறிகிற சத்தம் லிஸ்ட்டுக்காரிக்குக் கேட்டது, காய்ந்த குச்சி மாதிரி. சின்னவன் மண்டியிட்டான். முதுகில் இன்னொன்று. அவன் குப்புற விழுந்தான். பெரியவன் ஒற்றைக் காலில் தள்ளாடிக்கொண்டே ஓங்கினான். அவன் முகம் அழுதுகொண்டிருந்தது, கை அடித்துக்கொண்டிருந்தது.

நாலாவது அடியைச் சின்னவன் புரண்டு வலது கையால் பிடித்துவிட்டான். பிடித்து இழுத்தான். பதினோரு மாதம் அவனுக்குள் கட்டி வைத்திருந்த ஏதோ ஒன்று அப்போது அறுந்தது கண்ணுகளா. ஊன்றுகிற குழாய் போனதும் பெரியவன் மரம் மாதிரி சாய்ந்தான். செயற்கைக் கால் வார் பிய்ந்து தனியாக உருண்டு போய் வரிசையில் நின்ற ஒருவரின் காலடியில் நின்றது.

சின்னவன் அண்ணன் நெஞ்சின் மேல் ஏறினான். நல்ல கையால் குத்தினான். மூக்கு நசுங்கியது. உதடு கிழிந்தது. பல் ஒன்று ரத்தத்தோடு தரையில் தெறித்தது. பெரியவனின் விரல்கள் தம்பியின் கழுத்தைப் பிடித்து இறுக்கின. இருபது வருஷம் இரும்பு வளைத்த விரல்கள். சின்னவனின் கண் பிதுங்கியது. வேன்காரி கைப்பையால் இருவரையும் மாறிமாறி அடித்து, வாய்க்கு வந்தபடி திட்டி, சட்டையைப் பிடித்து இழுத்தாள். யாருடைய முழங்கையோ அவள் புருவத்தைப் பிளந்தது.

சுற்றிலும் நின்றவர்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவரிடம், தினமும் நடிச்சுக் காட்டுவாங்களா, எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நடைபாதை ஓரத்தில் பெயர்ந்து கிடந்த கல்லைச் சின்னவனின் கை தேடிப் பிடித்தது. மேலே தூக்கினான்.

கழுத்தை விடாமல், ரத்தம் கொப்பளிக்கும் வாயோடு பெரியவன் சொன்னான்: "லிஸ்ட்ல அடிச்சிருந்துச்சேடா. அடிச்சிருந்துச்சே."

லிஸ்ட்டுக்காரி ஓடிவந்து அந்தக் கல்லைப் பிடிக்கவில்லை. கத்தவும் இல்லை. இருவருக்கும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கணவனின் காதருகில் குனிந்தாள்.

"அடிச்சிருக்கலைங்க. ஆஸ்பத்திரியிலதான் அடிச்சேன். நீங்க கேட்டதுக்கு அப்புறம்."

விரல்கள் தளர்ந்தன. கல் அந்தரத்தில் நின்றது.

அவள் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். போனில் அவன் சொன்னது, கிரைண்டர் சத்தம், தான் கொழுந்தனிடம் திரும்பிச் சொன்ன அதே மூன்று வார்த்தை, பிரஷ், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இழுத்த கோடு. பதினோரு மாதம் சுமந்ததைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பெரியவன் அவளைப் பார்க்கவில்லை. தன் மேல் உட்கார்ந்திருந்தவனைத்தான் பார்த்தான். "உனக்குத் தெரியுமா?"

சின்னவன் கல்லைப் பக்கத்தில் வைத்தான். "அடிக்கச் சொன்னது அண்ணிதானே. லிஸ்ட்டை நான் வண்டி ஏத்தும்போது பாத்தேன். கோடு இல்ல."

"பின்னே ஏன்டா சொல்லல?"

"சொன்னா அவங்கள அடிச்சிருப்பீங்க." தம்பி மூச்சு வாங்கினான். "என்னை அடிச்சா நான் தாங்குவேன்னு நினைச்சேன். இன்னிக்குத்தான் முடியல."

பெரியவன் கண்ணை மூடிக்கொண்டான். மூக்கு ரத்தம் காதுப் பக்கம் வழிந்தது.

காவல்காரர் செயற்கைக் காலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். வேன்காரி, புருவத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, வண்டியைப் பின்னால் எடுத்து நடைபாதையோடு ஒட்டி நிறுத்தினாள். தம்பியை முதலில் ஏற்றினாள். அவன் இடது கை தொங்கியது. அடுத்து அண்ணன், தொற்றிக்கொண்டே ஏறி, கதவை ஒட்டிய சீட்டில் சரிந்தான். குழாயை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

கடைசியாக லிஸ்ட்டுக்காரி படியில் கால் வைத்தாள். குழாய் குறுக்கே வந்து நின்றது, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி. அதன் நுனியில் சின்னவனின் ரத்தம் இருந்தது.

"இவ வர வேணாம்" என்றான் பெரியவன். "வண்டியை எடு."

வேன்காரி கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். இன்ஜினை நிறுத்திச் சாவியை உருவினாள். "அண்ணி ஏறாம இந்த வண்டி நகராது. தம்பி கை அழுகினாலும் சரி" என்றாள்.

ஏதாவது சொல்ல வேண்டியவள் படியில் நிற்பவள்தான். அவளுக்கும் அது தெரிந்தது. பயம் இருந்தது. இரைகிற காதில் ரத்தம் தட்டிக்கொண்டிருந்தது. ஆனால் வயிற்றுக்குள் உருண்டது இப்போது இல்லை. அந்த இடம் காலியாக, லேசாக இருந்தது.

"தப்பு என்னோடதுதான்" என்றாள். "உங்க காலு போனதும், உங்க தம்பி உங்கள விட்டு விலகிப் போனதும் என்னாலதான். நான் பொய் சொன்னேன். அதுக்காக நீங்க என்னோட பேச வேணாம், என் முகத்துல முழிக்க வேணாம். ஆனா அடி வாங்க மாட்டேன். இறங்கியும் போக மாட்டேன். என் கொழுந்தனுக்கு ஆஸ்பத்திரி வேணும். குழாயை எடுங்க."

இப்படி அவள் அவனிடம் பேசியதே இல்லை. பின் சீட்டில் சின்னவன் வலியோடு நிமிர்ந்தான். பெரியவன் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். வீங்கிய கண்ணில் என்ன இருந்தது என்று அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை.

குழாய் அசைந்தது. மேலே எழும்பியது. ஒரு சாண். இரண்டு சாண். வழி விடவா, ஓங்கவா, அவனுக்கே தெரிந்திருக்காது.

அவள் காத்திருக்கவில்லை. தலையைத் தாழ்த்தி, தூக்கிய அந்தக் குழாய்க்குக் கீழேயே நுழைந்து உள்ளே போய், அவனுக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்தாள். முட்டியும் முட்டியும் இடித்தன. குழாய் இன்னமும் தூக்கியபடியே இருந்தது. வேன்காரி சாவியைப் போட்டாள்.

போதும் கண்ணுகளா, இந்த வாரத்துக்கு என் நெஞ்சு இவ்வளவுதான் தாங்கும். போய்ப் படுங்க. உங்க வீட்டில் ஒருத்தர் சொன்னது அடுத்தவர் காதில் அதே அர்த்தத்தோடு போய்ச் சேரட்டும். சொல்ல பயந்த வார்த்தை ஏதாவது யார் வயிற்றிலாவது உருண்டுகொண்டிருந்தால், அதைக் கேட்கிற பொறுமை உங்க வீட்டுக் காதுகளுக்கு வரட்டும். ஓங்கின கை எதுவும் உங்க கூரைக்குக் கீழே இறங்காமல் இருக்கட்டும். எல்லாரும் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டு, நல்லபடியா இருங்க.